மலைக்கு அப்பாலுள்ள ஊரும் முதல் மோட்டாரும்

பாலிக் புலாவ் என்னும் மலாய்ப் பெயருக்குத் 'தீவின் பின்புறம்' என்று பொருள். பெயரிட்டவர் எங்கே நின்று பெயரிட்டார் என்பதை அப்பெயரே காட்டிக்கொடுக்கிறது. ஜார்ஜ்டவுன் துறைமுகத்தில் நின்று மேற்கே நோக்கினால் கண்ணை மறிப்பது மலை. அம்மலைக்கு அப்பாற் கிடக்கும் வயலும் தோப்பும் கம்பமும் பட்டணத்தார்க்குப் பின்புறமாயின. அங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்குப் பட்டணமன்றோ பின்புறம்! 1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலக் கொடியை நாட்டிய பின்னர், ஜாதிக்காயும் கிராம்பும் இம்மலைச் சரிவுகளில் ஏறின. ரப்பர் பின்னர் வந்தது. டுரியான் தோப்புகள் இன்றும் ஊருக்குப் பெயர் வாங்கித் தருகின்றன. கடைத்தெருவின் வட்டச் சந்தியில் நிற்கும் நீரூற்றுத் தூண், கோ சியாங் தாட் என்னும் சீனச் செல்வர் 1882-இல் அளித்தது. குதிரையும் மாடும் மலை கடந்து வந்து இளைப்பாறிய காலத்தின் நினைவு அது.

பட்டணத்துக்கும் இவ்வூருக்கும் இடையே வழிகள் பல இல்லை. தெற்கே தெலுக் கும்பாரைச் சுற்றி, மேட்டின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்குவது ஒன்று. வடக்கே தித்தி கெராவாங் அருவியைத் தாண்டித் தெலுக் பாகாங் கடற்கரைக்கு இறங்குவது மற்றொன்று. பாயா தெருபோங் பக்கமிருந்து நடு மலையைக் கடக்கும் சாலை, 1975 முதல் 1981 வரை பினாங்கின் ஆளுநராக விளங்கிய துன் சார்டோன் ஜூபிரின் பெயரைத் தாங்கியது. எவ்வழியிற் சென்றாலும் ஏற்றம் உண்டு. ஏற்றத்துக்கு அப்பால் இறக்கமும் உண்டு. தட்டையான வயல் நடுவே இருக்கும் ஊருக்கும் இவ்வூருக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இத்தகைய ஊரில், வண்டியோட்டிப் பழகாத ஒருவர் முதன்முதலாக ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கப் புகுந்தால் எதைத் தேர்வார்? கேள்வி எளியதாகத் தோன்றலாம். ஆனால் இதற்கு மலாயா மக்கள் கண்ட விடையின் பின்னே ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் ஒரு முனை ஜப்பானில் இருக்கிறது. மற்றொரு முனை, வேறெங்கும் அன்று, இதே பினாங்குத் தீவில் இருக்கிறது.

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் மலாயாச் சாலைகளில் ஓடிய மோட்டார் சைக்கிள்களுட் பெரும்பாலானவை ஆங்கில நாட்டவை. நார்ட்டன், டிரயம்ப், பி.எஸ்.ஏ. என்னும் பெயர்கள் அக்காலத்தில் ஆண்மைக்கும் உத்தியோகத்துக்கும் அடையாளமாகக் கருதப்பட்டன. இராணுவத்தில் உழைத்து ஓய்ந்த ஐந்நூறு சி.சி. வண்டிகள் நூற்றைம்பது கிலோவுக்கு மேற்பட்ட எடை உடையவை. அத்தகைய வண்டியைப் புதிதாகப் பழகுபவன் ஓட்டுவதற்கு முன், நிமிர்த்தி நிறுத்தக் கற்றாக வேண்டும். அதன்பின் உதைத்துக் கிளப்ப வேண்டும். எஞ்சின் எதிர் உதை உதைத்தால் கணுக்கால் வீங்கும். இடக்கை கிளட்சை மெல்ல விடவும், வலக்கை ஆக்சிலேட்டரை மெல்லத் திருகவும், கால் கியர் மாற்றவும் ஒரே நொடியில் இசைய வேண்டும். இசையாவிட்டால் வண்டி துள்ளும், அல்லது அணையும். சமனான தெருவில் அணைந்தால் நகைப்புத்தான். கொண்டை ஊசி வளைவின் நடுவில், ஏற்றத்தில் அணைந்தால் வண்டி பின்னோக்கி உருளும். பின்னே லோரி வருகிறதா என்பது அவரவர் ஊழைப் பொறுத்தது.

எளியவர்க்கும் வண்டி வேண்டும் என்னும் எண்ணம் ஆங்கிலேயர்க்கும் வராமலில்லை. 1948-இல் வெளிவந்த பி.எஸ்.ஏ. பாண்டம் அவ்வெண்ணத்தின் விளைவு. 123 சி.சி. அளவுள்ள சிறிய எஞ்சின், மூன்று கியர்கள். இதன் பிறப்பு சுவையானது. ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. கம்பெனி போருக்கு முன் வகுத்த ஆர்.டி.125 என்னும் வண்டியின் வரைபடங்கள், தோற்ற நாட்டிடம் பெற்ற போர் ஈடாக வென்றவர் கைக்கு வந்தன. ஆங்கிலேயர் அதைப் பாண்டம் ஆக்கினர், அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் அதையே அடியொற்றிச் சிறு வண்டியொன்று செய்தது, உருசியரும் செய்தனர், ஜப்பானில் யமஹா 1955-இல் வெளியிட்ட தன் முதல் மோட்டார் சைக்கிளையும் அதே மாதிரியில் அமைத்தது. உலகில் முதன்முதல் மோட்டார் பழகியவருட் பலர், தாம் அறியாமலே ஒரே ஜெர்மன் தாயின் பிள்ளைகளின் மேல் அமர்ந்து பழகினர்.

எனினும் பாண்டத்துக்கு இரு குறைகள் இருந்தன. கையாற் பிடிக்கும் கிளட்ச் அதிலும் இருந்தது. மேலும் அஃது இருவீச்சு எஞ்சின். கடைகளில் டூ-ஸ்ட்ரோக் என்பது. அவ்வகை எஞ்சினுக்குத் தனியே எண்ணெய்க் கிண்ணம் இல்லை. பெட்ரோலோடு எண்ணெயை அளந்து கலந்து ஊற்ற வேண்டும். அளவு குறைந்தால் பிஸ்டன் இறுகும். மிகுந்தால் புகை சூழ்ந்து பிளக் கரி பிடிக்கும். இத்தாலியிலிருந்து வந்த வெஸ்பா, லாம்பிரெட்டா ஸ்கூட்டர்கள் உடைக்கு ஏற்றவை, அமர எளியவை. ஆயின் சக்கரம் சிறியது. மழை அரித்த மலைச்சாலைக் குழியில் சிறு சக்கரம் இறங்கிவிடும். பெரிய சக்கரம் குழியைத் தாண்டிவிடும். இது கணக்குத் தெரியாதவர்க்கும் கண்ணால் தெரிந்த உண்மை.

இந்நிலையில், ஜப்பானில் இருவர் இதே சிக்கலை வேறொரு கோணத்தில் எண்ணிக்கொண்டிருந்தனர். ஒருவர் எஞ்சின் மேதையான சோய்ச்சிரோ ஹோண்டா. மற்றவர் அவருடைய கம்பெனியின் கணக்கையும் விற்பனையையும் தாங்கிய தாக்கேயோ புஜிசாவா. 1956-இல் இருவரும் ஐரோப்பா சென்று அங்கு ஓடிய சிறு வண்டிகளைப் பார்த்து வந்தனர். பந்தயம் ஓட்டுபவனுக்கு அன்றி, நூடுல்ஸ் கடைப் பையனுக்கு ஏற்ற வண்டி ஒன்று வேண்டும் என்பதே அவர்கள் கொண்ட நோக்கம். ஒரு கையில் உணவுத் தட்டை ஏந்திக்கொண்டு மறு கையால் ஓட்டக்கூடியதாக அஃது இருக்க வேண்டும். இந்நோக்கத்திலிருந்து 1958 ஆகஸ்டில் பிறந்ததே ஹோண்டா சூப்பர் கப் சி100. ஜப்பானில் அதன் விலை 55,000 யென்.

இவ்வண்டியின் ஒவ்வோர் உறுப்பும் புதிதாகப் பழகுபவரை மனத்திற்கொண்டு அமைந்தது என்பதால், சற்று நின்று பார்ப்பது தகும். எஞ்சின் 49 சி.சி.; நால்வீச்சு; 4.5 குதிரைத்திறன். எடை ஏறத்தாழ 55 கிலோ. அதாவது ஓட்டுபவரின் எடையளவே. பெட்ரோல் தொட்டி இருக்கைக்கு அடியில் மறைந்துவிட்டதால், முன்புறம் தாழ்ந்து வழி திறந்தது. காலைத் தூக்கிக் குதிரையேறுவதுபோல் ஏற வேண்டியதில்லை. கைலி உடுத்தியவரும் சேலை உடுத்தியவரும் நடந்து நுழைவதுபோல் நுழைந்து அமரலாம். முழங்காலுக்கு முன்னே பிளாஸ்டிக்காலாகிய காப்பு, சேற்றையும் மழையையும் தடுத்தது. சக்கரம் பதினேழு அங்குலம்; ஸ்கூட்டரின் குறை இங்கு இல்லை. எஞ்சினுக்குத் தனி எண்ணெய் உண்டு. கலக்கும் தொல்லை இல்லை.

இவை எல்லாவற்றினும் மேலானது, கை கிளட்ச் இல்லாமை. எஞ்சின் வேகம் கூடும்போது சுழற்சியின் விசையாலே உள்ளிருக்கும் எடைகள் விரிந்து கிளட்சைத் தாமே இணைக்கும். வேகம் குறைந்தால் தாமே பிரிக்கும். கியர் மாற்றக் காலால் மிதித்தால், மிதிக்கும் அசைவே அப்போதைக்கு மீண்டும் பிரித்துக் கொடுக்கும். வண்டி நின்றாலும் எஞ்சின் அணையாது. கொண்டை ஊசி வளைவில் திகைத்து நின்ற புதியவர் மீண்டும் ஆக்சிலேட்டரைத் திருகினால் போதும், வண்டி புறப்படும். மலைக்கு அப்பாலுள்ள ஊர்க்காரர்க்கு இது சிறிய செய்தி அன்று.

இனி மற்றொரு முனை. சீனாவின் பூக்கியன் மாநிலத்து ஹுயியான் பகுதியில் 1915-இல் பிறந்து, பன்னிரண்டு வயதளவில் பினாங்குக்கு வந்த லோ பூன் சியூ என்பவர், பட்டறையில் எடுபிடியாக வேலை பழகி, பழுதுபார்ப்பவராகி, பஸ் வாங்கி விற்று, பஸ் முதலாளியானவர். தீவின் தென்பகுதிக்கும் மேற்பகுதிக்கும் ஓடிய மஞ்சள் பஸ்கள் அவர் தொடர்புடைய கம்பெனியைச் சார்ந்தவை. பாலிக் புலாவ் மக்கள் பட்டணம் செல்ல நம்பியிருந்தவை அப்பஸ்களே. 1958-இல் ஜப்பான் சென்ற பூன் சியூ, அவ்வாண்டே தோன்றிய கப் வண்டியைக் கண்டார். பட்டறையில் வளர்ந்த கண் அதன் தகுதியை உடனே அளந்திருக்க வேண்டும். மலாயாவில் ஹோண்டாவின் ஏக விற்பனையுரிமை அவர் கைக்கு வந்தது. 1995-இல் மறையும் வரை நாட்டு மக்கள் அவரை 'மிஸ்டர் ஹோண்டா' என்றே அழைத்தனர்.

மலைக்கு அப்பாலுள்ளோரைப் பஸ்ஸில் ஏற்றிச் சென்ற மனிதரே, அவர்கள் பஸ்ஸை விட்டு இறங்குவதற்கான வண்டியையும் கொண்டுவந்தார்! தம் பஸ்ஸுக்குத் தாமே போட்டியை இறக்குகிறோம் என்று அவர் எண்ணினாரா என்பது வேறு. எண்ணியிருந்தாலும் தயங்கியிருக்கமாட்டார் என்றே தோன்றுகிறது. பஸ் மாலையில் நின்றுவிடும். டுரியான் இரவில் விழும். பால்மரம் விடியுமுன் வெட்டப்படும். பஸ் அட்டவணையில் அடங்காத உழைப்பு அது. அவ்வுழைப்பாளிக்குப் பஸ் முன்பும் பயன்படவில்லை.

இவ்விடத்தில் சொற்களைப் பற்றி ஒரு செய்தி. 'கப்' என்னும் ஹோண்டாவின் பெயரோடு, 'சிறியது' என்னும் பொருள் தரும் சீன விகுதி சேர்ந்து 'கப்சாய்' ஆயிற்று. ஜப்பானியர் சூட்டிய ஆங்கிலப் பெயரைச் சீன ஒலியால் கொஞ்சி, மலாய்க்காரரும் தமிழரும் ஒருங்கே வழங்கினர். பின்னர் ஹோண்டா மட்டுமன்றி, அவ்வடிவினவாகிய எல்லா வண்டியும் கப்சாய் ஆயின. மலேசியத் தமிழர் பேச்சில் 'மோட்டார்' என்றாலே மோட்டார் சைக்கிள்தான்; நாலு சக்கரத்தது 'காடி'. தமிழகத்திலிருந்து வருபவர், 'மோட்டாரில் வந்தான்' என்பதைக் கேட்டுக் கார் என்று மயங்குவதுண்டு. 'உந்துருளி', 'விசையுந்து' என்னும் நல்ல தமிழாக்கங்கள் பத்திரிகையிலும் வகுப்பறையிலும் வாழ்கின்றன. பட்டறையில் வாழ்வது மோட்டாரே. தமிழாசிரியர்கள் இதற்காக வருந்த வேண்டுவதில்லை. தாமே வாங்கி, தாமே ஓட்டி, தாமே தவணை கட்டிய பொருளுக்கு மக்கள் தாமே பெயரிட்டனர்.

தமிழகத்தில் இக்கதை வேறு வகையாக நடந்தது. சென்னையில் 1955-இல் என்ஃபீல்டு கம்பெனி தோன்றி, 350 சி.சி. புல்லட்டைத் தந்தது. அது போலீஸ்காரருக்கும் இராணுவத்தாருக்கும் உரிய கனத்த வண்டி. பழகுவோர்க்கு உரியது அன்று. சைக்கிளுக்கும் புல்லட்டுக்கும் இடைப்பட்ட வெளியை நிரப்ப, 1980-இல் ஒசூரில் டி.வி.எஸ். 50 வர வேண்டியிருந்தது. கியரே இல்லாத அச்சிறு வண்டியில்தான் எத்தனையோ பால்காரரும் ஆசிரியரும் முதன்முதல் எஞ்சினைக் கையாண்டனர். மலாயாத் தமிழர்க்கு அந்த இடைவெளி இருபதாண்டு முன்னரே அடைபட்டுவிட்டது. துறைமுகமும், வரியற்ற வாணிகமும் அதற்கு உதவின. பினாங்கு தன் தீர்வையில்லாத் துறைமுகத் தகுதியை 1969-இல்தான் இழந்தது.

கப்சாய் என்று துணிந்த பின்னரும் தேர்வு முடிந்துவிடவில்லை. மலை மீண்டும் குறுக்கிட்டது. ஐம்பது சி.சி. எஞ்சின் ஒருவரைச் சுமந்து ஏறும். பின்னால் மனைவியும் முன்னால் பிள்ளையும் அமர்ந்தால், முதல் கியரில் முனகும். ஹோண்டா 1960-களின் இடையிலும் பிற்பகுதியிலும் 65, 90, 70 சி.சி. வண்டிகளை அடுத்தடுத்து வெளியிட்டபோது, சமவெளிக்காரர் விலையைப் பார்த்தனர். மலைக்காரர் ஏற்றத்தைப் பார்த்தனர். சி70 மலேசியாவில் பெற்ற பெரும் புகழுக்கு இஃது ஒரு காரணம். 1967-இல் இயற்றப்பட்ட தவணைக் கொள்முதல் சட்டம், மாதந்தோறும் சிறுதொகை கட்டி வாங்கும் முறைக்கு ஒழுங்கு தந்தது. மொத்த விலையைக் காட்டிலும் மாதக் கட்டணத்தையே குடும்பங்கள் கேட்டன. 'சம்பளத்தில் போகுமா' என்பதே கேள்வி.

அடுத்து, பட்டறை. பட்டணத்தில் பழுதானால் அடுத்த தெருவில் மெக்கானிக் உண்டு. மலைக்கு அப்பால், உள்ளூர்ப் பட்டறைக்காரர் கையில் எந்த வண்டியின் செயினும் பிரேக்குக் கட்டையும் பிளக்கும் இருக்கின்றனவோ, அவ்வண்டியே நல்ல வண்டி. புதிதாக வாங்குவோர் விளம்பரத்தைக் கேட்பதற்கு மாறாக மெக்கானிக்கைக் கேட்பது அதனால் ஏற்பட்ட வழக்கம். அவ்வழக்கத்தில் அறிவு உண்டு. அதே வேளையில், முன்பு மிகுதியாக விற்ற வண்டியே மேலும் விற்கும் என்னும் சுழற்சியும் அதில் உண்டு. ஹோண்டாவின் வெற்றியில் எஞ்சினுக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு ஒவ்வொரு சிற்றூர்ப் பட்டறையின் தட்டுகளிலும் அடுக்கப்பட்டிருந்த உதிரிப்பொருள்களுக்கும் உண்டு.

ஹோண்டாவுக்கு எதிரியாக வந்தவை யமஹா, சுசுகி கம்பெனிகளின் இருவீச்சுக் கப்சாய்கள். அவை இலேசானவை, குணத்தில் துள்ளலானவை; ஆக்சிலேட்டரைத் திருகியதும் பாய்பவை. எண்ணெய் கலக்கும் பழைய குறையும் நீங்கியிருந்தது; யமஹா 1964-இல் கொண்டுவந்த பம்பு, தனித் தொட்டியிலிருந்து எண்ணெயைத் தானே அளந்து செலுத்தியது. இளைஞர் மனம் அவற்றின்மேற் சென்றது இயல்பே. ஏற்றத்தில் அவை ஹோண்டாவை முந்தின. ஆனால் ஏறியவர் இறங்கவும் வேண்டுமே!

இறக்கத்தில் இரண்டு எஞ்சினுக்கும் உள்ள வேறுபாடு, மலைச்சாலையில் பழகாதவர்க்கு எளிதில் விளங்காதது. ஆக்சிலேட்டரை முழுதும் விட்டுவிட்டுச் சிறு கியரில் இறங்கும்போது, நால்வீச்சு எஞ்சின் சக்கரத்தைப் பின்னின்று பிடித்து இழுக்கும். பிரேக்குக்கு அது துணை. இருவீச்சு எஞ்சினின் அவ்விழுப்பு மெலிந்தது. அதனால் அதை ஓட்டுபவர் பிரேக்கையே நம்பி இறங்குவார். அக்கால வண்டிகளின் டிரம் பிரேக்கோ, நீண்ட இறக்கத்தில் அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பை இழக்கும். மேலிரண்டு வளைவில் நன்றாகப் பிடித்த பிரேக், நாலாவது வளைவில் வழுக்கும். பெட்ரோலை மிச்சப்படுத்துவதாக எண்ணிக் கியரை நடுநிலைக்குத் தள்ளி உருட்டி வருபவர், தம் எஞ்சின் எதுவாயினும் அதன் துணையைத் தாமே உதறிவிடுகிறார்.

கப் வண்டியின் புகழில் மறைந்துகிடக்கும் குறையும் இங்கேதான் இருக்கிறது. கை கிளட்ச் இருந்த காலத்தில், வண்டியோட்டக் கற்றுக்கொள்ளவே வாரக்கணக்கில் ஆயிற்று. துள்ளியும் அணைந்தும் விழுந்தும் கற்கும் அவ்வாரங்களில், வேகம் என்ன, கியர் என்ன, எடை எப்படிச் சாய்கிறது என்பதெல்லாம் உடலிற் படிந்தன. கப்சாயில் அரைமணியில் ஓட்ட வந்துவிடும். புறப்படக் கற்றவர் நிறுத்தவும் கற்றுவிட்டதாக எண்ணினார். பொறியாளர் நீக்கியது தொடக்கத்தின் தொல்லையை மட்டுமே. இறக்கத்தின் தொல்லை அப்படியே இருந்தது. இதற்குப் பொறியாளரைக் குறைகூறுதல் முறையன்று. ஆயினும் கற்பிப்போர் அதை உணரக் காலம் பிடித்தது.

1969-க்குப் பின் பினாங்கின் பொருளாதாரமே திசை மாறியது. துறைமுகத் தகுதி போனதால் வேலையின்மை மிகுந்தது. முதலமைச்சர் லிம் சோங் இயூவின் ஆட்சியில், 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வாணிப வட்டாரம் திறக்கப்பட்டது. இன்டெல் முதலான மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. வயலாக இருந்த இடத்தில் மூன்று ஷிப்டு வேலை. பாலிக் புலாவிலிருந்து மேடு கடந்து இறங்கினால் அத்தொழிற்சாலைகள். தோப்பையும் வயலையும் விட்டு இளைஞர்கள் அங்கே செல்லத் தொடங்கினர். அவர்களிற் பெண்கள் மிகுதி. தொழிற்சாலை பஸ்கள் வந்து ஏற்றிச் சென்றன என்றாலும், ஷிப்டு மாறும் நேரத்தில் தமக்கென ஒரு மோட்டார் வைத்திருப்பது விடுதலையாக இருந்தது. திறந்த முன்புறமும், தாழ்ந்த இருக்கையும், கை கிளட்ச் இல்லாமையும் பெண்களையும் ஓட்டுநராக்கின. நார்ட்டனில் இது நடந்திருக்க முடியாது. முதல் மோட்டாரைத் தகப்பன் மகனுக்குத் தேர்ந்த காலம் போய், சம்பாதிக்கும் மகள் தனக்குத் தானே தேரும் காலம் இவ்வாறு வந்தது. எஞ்சினின் வரலாற்றில் இது பெரிதாக எழுதப்படுவதில்லை. குடும்பத்தின் வரலாற்றில் எழுதப்பட வேண்டியது.

சட்டம் பின்னே வந்தது. தலைக்கவசம் அணிவதைக் கட்டாயமாக்கும் விதி 1973-இல் பிறந்தது. 1992-இல், பகலிலும் முன்விளக்கை எரியவிட வேண்டும் என்னும் விதி வந்தது. பட்டப்பகலில் விளக்கா என்று நகைத்தவர் உண்டு. ஆனால் செரம்பானிலும் ஷா ஆலமிலும் நிகழ்ந்த ஆய்வு, எதிரே வருபவர் கண்ணிற் படாமையால் நேரும் மோட்டார் விபத்துகள் இவ்விதியால் ஏறக்குறைய 29 விழுக்காடு குறைந்தன என்று காட்டியது. பதினாறு வயது நிரம்பியவர் 250 சி.சி. வரையுள்ள வண்டிக்கு 'பி2' லைசன்ஸ் பெறலாம். 'எல்' பலகையோடு பழகி, தேறியபின் ஈராண்டு 'பி' பலகையோடு ஓட்ட வேண்டும். இத்தனைக்குப் பிறகும், மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரிற் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. அவர்களில் இளையோர் மிகுதி என்பது ஒவ்வோர் ஆண்டுக் கணக்கிலும் மாறாமல் வரும் வரி.

இதை மனத்திற்கொண்டு பார்த்தால், பிற்காலத்தில் முதல் மோட்டாரின் தேர்வு எத்திசையிற் சென்றது என்பது கவலை தருவதாகும். 1980-களின் பிற்பகுதியில் வந்த ஹோண்டா இஎக்ஸ்5, 97 சி.சி., நாலு கியர். கப் குலத்தின் நேர் வாரிசு. 1996-இல் கெடாவின் கூருனில் அமைந்த மொடெனாஸ் தொழிற்சாலை, நாட்டின் சொந்தப் பெயரோடு 'கிரிஸ்' என்னும் 110 சி.சி. கப்சாயைத் தந்தது. இதுவரை வந்தவை யாவும் பழகுவோர்க்கு ஏற்ற வண்டிகளே. அதன்பின் இளைஞர் நாட்டம் வேறாயிற்று. 2015-இல் வெளிவந்த யமஹா ஒய்15இசட்ஆர், வடிவால் கப்சாய் போன்றது. உள்ளே 150 சி.சி. எஞ்சின், ஐந்து கியர், பதினைந்து குதிரைத்திறனுக்கு மேல். முதல் கப்பின் திறனைப்போல் மூன்று மடங்குக்கும் மிகுதி. எந்தக் கை கிளட்சைப் புஜிசாவாவும் ஹோண்டாவும் அரும்பாடுபட்டு அகற்றினரோ, அதே கிளட்சை இவ்வண்டி பெருமையோடு திரும்பக் கொண்டுவந்தது. சட்டத்தின் கண்ணுக்கு 97 சி.சி.யும் 150 சி.சி.யும் ஒரே 'பி2'தான். பதினாறு வயதுப் பையன் எதையும் தேரலாம். ஆகவே, எது பழகுவோர்க்கு உரியது என்று பிரித்துச் சொல்லும் கடமை சட்டத்திடமிருந்து நழுவி, மீண்டும் தகப்பனிடமும் தாயிடமும் பட்டறைக்காரரிடமும் வந்து நிற்கிறது. பாலிக் புலாவ் பட்டறைக்காரர்க்கு அக்கடமை சமவெளியிலுள்ள தொழிலாளரைக் காட்டிலும் கனமானது. தம்மிடம் வண்டி வாங்கும் பையன் அடுத்த நாளே எந்தச் சாலையில் இறங்குவான் என்பது அவர்க்குத் தெரியும்.

மஞ்சள் பஸ்கள் இன்று இல்லை. 2007-இல் தொடங்கிய ரேபிட் பினாங்கு பஸ்கள் இப்போது மலையைக் கடக்கின்றன. மலை ஓரத்து டுரியான் தோப்புகளிலோ, பழைய ஹோண்டாக்கள் இன்னும் ஏறுகின்றன. காப்புப் பிளாஸ்டிக் உடைந்து போயிருக்கும், பெயின்ட் உரிந்திருக்கும், பின்னிருக்கையின் இரு பக்கமும் மூங்கிற்கூடையோ இரும்புக் கூடையோ தொங்கும். ஓரடி அகலச் சிமிட்டிப் பாதையில், முள்பழம் நிறைந்த கூடைகளோடு தோப்புக்காரர் முதல் கியரிலேயே இறங்கி வருவார். ஆக்சிலேட்டரை விட்டிருப்பார், பிரேக்கை வளைவில் மட்டும் தொடுவார். அவருடைய பேரன் கீழே நின்று, இந்த வண்டி போதும், முதலில் இதில் இறங்கக் கற்றுக்கொள் என்று தாத்தா சொல்வதைக் கேட்டபடி, கடைத்தெருவில் பார்த்து வந்த புது வண்டியை எண்ணிக்கொண்டிருப்பான்.